ஓசூர்ச் சீமையும் வானொலி வால்வும்

பழைய சேலம் ஜில்லாவின் வடமேற்கு மூலையில், மைசூர் சமஸ்தானத்தின் எல்லைக் கல்லுக்கு இப்பால் அமைந்த ஓசூர், கிருஷ்ணகிரி தாலுக்காக்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், மைசூர்ப் போர்களையும், பாராமகாலின் கோட்டைகளையும், 1824-இல் கும்பினியார் மத்திகிரியில் நிறுவிய குதிரைப் பண்ணையையும் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி 1970-களில் தொழிற்பேட்டை வந்த கதைக்குப் போய்விடுவது வழக்கம். இடையில் கிடக்கும் ஒன்றரை நூற்றாண்டில் இந்த மேட்டுநிலத்துக்கு இன்னொன்றும் வந்து சேர்ந்தது; கம்பியின்றி வந்த மனிதக் குரலே அது. அந்தக் குரல் எந்த ஊர்வரை எட்டியது, எந்த ஊருக்கு முன்னால் நின்றுபோயிற்று என்பதை நிர்ணயித்ததில், ஒலிபரப்பு நிலையத்தாரின் சித்தத்தைவிட, கண்ணாடிக் குமிழுக்குள் அடைபட்ட மெல்லிய கம்பி ஒன்று எவ்வளவு மின்சாரத்தைத் தின்றது என்ற விஷயத்துக்கே அதிகப் பங்கு உண்டு என்பது என் கட்சி.

பெங்களூரிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் 1902-இல் உற்பத்தியான மின்சாரம் 92 மைல் நீளக் கம்பியில் ஓடிக் கோலார் தங்கவயலை அடைந்தது. அந்தத் தங்கவயலோ கிருஷ்ணகிரிக்கு நேர் வடக்கே முப்பது மைல் தூரத்தில்தான் இருக்கிறது. 1905-இல் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரியலாயிற்று. ஒருபுறம் உலகமே வியந்த மின்சார ஏற்பாடு இவ்வளவு அருகில் நடந்துகொண்டிருக்க, மறுபுறம் தேன்கனிக்கோட்டையைச் சுற்றியும், தளி, அஞ்செட்டி மலைச் சரிவுகளிலும் வாழ்ந்த ஜனங்களுக்கு, சுதந்திரம் வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் மண்ணெண்ணெய் விளக்கே கதியாயிருந்தது. ஆகவே இந்தச் சீமையில் வானொலிப் பெட்டி என்றால் பாட்டரியில் ஓடும் பெட்டி என்றே பொருள். பாட்டரியில் ஓடும் பெட்டிக்கோ வால்வின் பசியே முதல் விசாரம்.

ஒலிபரப்பின் பக்கத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பத் தொடங்கியது. ஆரம்பத்தில் அதன் டிரான்ஸ்மிட்டருக்கு இருந்த சக்தி 40 வாட். இன்று ஒரு சாதாரண மின்விசிறிக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. பின்னர் 200 வாட் கருவி வந்தது. ஆனால் பணம் வரவில்லை. 1927-இல் கிளப் தன் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டு, கருவியைச் சென்னை நகரசபையிடம் ஒப்புவித்தது. நகரசபை 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அதை நடத்தி வந்தது. எல்லைக்கு அப்பால் மைசூரில், மகாராஜா கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராயிருந்த டாக்டர் எம். வி. கோபாலசாமி, 1935 செப்டம்பர் 10-ஆம் தேதி தம் சொந்த இல்லத்திலிருந்தே 30 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைக் கொண்டு ஆகாசவாணி என்ற பெயரில் ஒலிபரப்பலானார். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் தேதி திறக்கப்பட்டபோது மாகாணத்தின் பிரதமராக வீற்றிருந்தவர், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி.

அந்தச் சென்னை நிலையத்தின் அமைப்பிலேயே எங்கள் எல்லைத் தாலுக்காக்களின் கஷ்டம் எழுதப்பட்டிருந்தது. நகரவாசிகளுக்காக மத்திய அலையில் கால் கிலோவாட், மாகாணத்தின் மற்றப் பகுதிகளுக்காகச் சிற்றலையில் 10 கிலோவாட் என்று இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அங்கே வைக்கப்பட்டன. சென்னையிலிருந்து நூற்றைம்பது மைலுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்த ஓசூர்க்காரருக்குப் பகல் வேளையில் மத்திய அலை எட்டாது. சிற்றலையை நம்பித்தான் அவர் உட்கார வேண்டும். சிற்றலையோ ஆகாயத்தின் மேல்தட்டுகளில் பட்டுத் திரும்பி வருவதால் ஒரு நிமிஷம் ஓங்கியும் மறு நிமிஷம் தேய்ந்தும் ஒலிப்பது. அவ்வளவு மெலிந்த அலையைப் பிடித்துக் கூடம் முழுவதும் கேட்கும்படி பெருக்க ஒரு வால்வு போதாது. நான்கோ ஐந்தோ வேண்டும். நிலையத்துக்கு அருகில் இருப்பவனுக்குச் சிறிய பெட்டி போதும். எல்லையில் இருப்பவனுக்கே பெரிய பெட்டி தேவை. பெரிய பெட்டிக்கு வேண்டிய மின்சாரமோ எல்லையில் இருப்பவனிடந்தான் இல்லை.

வால்வு என்று நாம் வழங்கும் வெற்றிடக் குழாயை ஒரு முறை கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் உள்ளமைப்பு மறக்காது. அடியில் ஊசிக் கால்கள். மேலே கண்ணாடிக் குமிழ். உள்ளே நடுநாயகமாக ஓர் இழை அல்லது சிறு குழல். அதைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றிய கம்பி வலையாகிய கிரிட். அதற்கும் வெளியே உலோகத் தகட்டாலான பிளேட். இவையெல்லாம் ஒன்றோடொன்று முட்டாதபடி மேலும் கீழும் பிடித்து நிறுத்தும் இரண்டு அபிரகத் தகடுகள். குமிழின் உச்சியிலோ பக்கத்திலோ உட்புறமாகப் படிந்த வெள்ளி நிறப் பளபளப்பு. இழையைச் சூடேற்றினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டுப் பிளேட்டை நோக்கி ஓடுகின்றன. இடையிலுள்ள கிரிட்டில் ஏரியல் கொண்டுவந்த அற்ப மின்னழுத்தம் ஏறி இறங்க, அந்த ஓட்டமும் கூடிக் குறைந்து, பெருத்த உருவில் அதே ஒலியைத் திருப்பித் தருகிறது. இங்கிலாந்தில் ஃபிளெமிங் 1904-இல் இழையும் பிளேட்டும் மட்டும் கொண்ட குழாயைச் செய்தார். அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் 1906-ஐ ஒட்டி மூன்றாவதாகக் கிரிட்டைப் புகுத்தினார். பாடப் புத்தகங்கள் இவ்விருவரின் பெயரோடு நின்றுவிடுகின்றன. கிராமத்து மனிதனின் கோணத்திலிருந்து பார்த்தால் உண்மையான கதை அதற்குப் பிறகே தொடங்குகிறது.

ஏனென்றால் அந்த ஆதி வால்வுகள் விரயத்தின் உருவங்கள். இழை சுத்த டங்ஸ்டனால் ஆனது. எலெக்ட்ரான் போதிய அளவு கிளம்ப வேண்டுமானால் அதை ஏறத்தாழ 2,200 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்துக்கு ஏற்ற வேண்டும். அந்த உஷ்ணத்தில் அது வீட்டு விளக்குக்குச் சமானமாக ஒளி வீசும். கொடுத்த சக்தியில் பெரும்பகுதி வெளிச்சமாகவும் வெப்பமாகவும் வெளியே போய்விடும். முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சுப் படையினரும் பிரிட்டிஷ் படையினரும் உபயோகித்த வால்வு 4 வோல்டில் 0.7 ஆம்பியர், அதாவது இழையைச் சுடவைக்க மட்டும் ஏறக்குறைய 3 வாட் வாங்கிற்று. அமெரிக்காவில் 1920-ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த யு.வி.-201 என்ற வால்வு 5 வோல்டில் 1 ஆம்பியர் வாங்கிற்று. அப்படிப்பட்ட ஐந்து வால்வு கொண்ட பெட்டிக்கு 100 ஆம்பியர்-மணி கொள்ளும் கனமான பாட்டரியைப் பூட்டினால், இருபது மணி நேரத்தில் அது காலி. தினம் இரண்டு மணி கேட்டால் பத்து நாள். பதினோராம் நாள் அந்த ஈயப் பாட்டரியை, அமிலம் தளும்பாமல், வண்டியில் ஏற்றிச் சார்ஜ் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி ஒரு சாதனம் அஞ்செட்டிக்கு ஒருநாளும் போய்ச் சேராது.

இந்த விரயத்தைத் தீர்க்கும் வழியைக் கண்டுகொள்வதற்கு, சூடேறிய உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் கிளம்பும் விதியை முதலில் அறிய வேண்டியிருந்தது. அதை 1901-இல் வகுத்துச் சொன்னவர் இங்கிலாந்தின் ஓவன் ரிச்சர்ட்சன். 1928-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு இதற்காகவே கிடைத்தது. அடுப்பிலேற்றிய பானையின் நீரிலிருந்து ஆவி எழுவதைப் போலவே உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் எழுகிறது என்பது அவர் கருத்து. சூடு சிறிது கூடினாலும் ஆவி பெருமளவு கூடும். டங்ஸ்டனை அது வேலை செய்யும் நிலையிலிருந்து நூறு டிகிரி அதிகம் சுடவைத்தால் எலெக்ட்ரான் இரண்டரை மடங்காகிறது. அப்படியானால் இன்னும் சுடவைக்கலாமே என்று தோன்றும். ஆனால் கூடவே இழையும் கரைந்து தேய்ந்து சீக்கிரம் அறுந்துபோகும். சூட்டை உயர்த்தாமலே எலெக்ட்ரானைத் தாராளமாக விடும் பதார்த்தம் ஒன்றைத் தேடுவதுதான் விவேகம். ஜெர்மனியில் வெனெல்ட் என்பவர் 1904-இலேயே, பேரியம், ஸ்ட்ரான்ஷியம் முதலியவற்றின் ஆக்ஸைடுகளைப் பூசிய பிளாட்டினம், மங்கிய செந்தணலாக இருக்கும்போதே எலெக்ட்ரானைக் கொட்டுவதைக் கண்டிருந்தார். கண்டது ஒன்று, அதைப் பழுதின்றித் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்வது வேறொன்று. அதற்கு வருஷங்கள் பல பிடித்தன.

இதற்கிடையில் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் பரிசோதனைச் சாலையில் இர்விங் லாங்மூர் செய்த காரியமே இச்சரித்திரத்தில் எனக்கு மிகவும் சுவையான பகுதி. மின்விளக்கு இழைகள் எரிய எரிய உள்ளே படிகம் பெருத்துத் தொய்ந்து அறுந்துபோகாமலிருக்க, டங்ஸ்டனோடு நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு தோரியம் ஆக்ஸைடு கலப்பது விளக்குத் தொழிலில் இருந்துவந்த வழக்கம். அத்தகைய இழையைச் சிறந்த வெற்றிடத்தில் வைத்துச் சிறிது நேரம் அதிகச் சூடேற்றிப் பிறகு தணித்தால், அது சுத்த டங்ஸ்டனைக் காட்டிலும் பல மடங்கு எலெக்ட்ரானை விடுவதை 1913, 1914-ஆம் ஆண்டுகளில் லாங்மூர் கண்டார். காரணத்தையும் அவரே ஆராய்ந்து சொன்னார்: அதிக உஷ்ணத்தில் தோரியம் ஆக்ஸைடின் ஒரு பகுதி தோரிய உலோகமாக மாறி, உள்ளிருந்து மெல்ல ஊறி வந்து, டங்ஸ்டனின் மேல் ஒரே ஓர் அணுவின் கனத்தில் படலமாகப் பரவுகிறது. அந்த ஓரணுப் படலம்தான் எலெக்ட்ரானுக்கு வாயிலைத் திறந்துவிடுகிறது. மேற்பரப்புகளின் ரசாயனத்தை ஆராய்ந்ததற்காக 1932-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இந்தத் தோரிய இழை 1920-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த யு.வி.-201ஏ என்ற வால்வில் அமைந்தது. அதே 5 வோல்ட். ஆனால் 1 ஆம்பியருக்குப் பதில் கால் ஆம்பியர். இருபது மணி நேரம் தாங்கிய பாட்டரி எண்பது மணி நேரம் தாங்கிற்று. இழையும் விளக்கைப் போல் எரியாமல் மங்கலான மஞ்சள் நிறத்தில் நின்றது. விரைவில் 3 வோல்டில் 0.06 ஆம்பியர் வாங்கும் சிறு வால்வும் வந்தது. ஒரு விசேஷமும் சொல்ல வேண்டும்: பாட்டரியை மாற்றிப் பூட்டியோ வேறு கவனக்குறைவாலோ இழையை அதிகம் சுடவைத்துவிட்டால் மேலேயுள்ள தோரியப் படலம் ஆவியாகிப் போய்ப் பெட்டி ஊமையாகும், ஆனால் உள்ளே தோரியம் மிச்சமிருந்தால், அளவறிந்து மறுபடி சில கணம் மிகுந்த சூடும், பின் நெடுநேரம் மிதமான சூடும் கொடுத்து, செத்த வால்வைப் பிழைக்கவைக்கலாம். ரேடியோக் கடைக்காரர்கள் இதை ஒரு தனி வித்தையாகவே நடத்தி வந்தார்கள்.

தோரியம் என்றதும் தமிழ் வாசகர் சற்று நிமிர்ந்து உட்காரலாம். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி, திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பரிசோதித்து அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அதன் வழியே மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் வாரும் தொழில் எழுந்தது. வீதிகளில் எரிந்த காஸ் விளக்குகளின் மேன்டிலுக்காகவே அன்று உலகம் தோரியத்தைத் தேடியது. மேன்டிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடே. அதுவரை பிரேசில் நாட்டின் கையிலிருந்த மோனசைட் வியாபாரத்தில் திருவிதாங்கூர் சில வருஷங்களிலேயே முதன்மை பெற்றது. இன்ன வால்வின் இழையில் கலந்த தோரியம் நம் கரையினது என்று உரிமை கொண்டாடுவது தகாது. ஆயினும் உலகச் சந்தையின் பெரும்பங்கு நம் மணலிலிருந்து போன காலத்தில்தான் அந்த இழைகள் பிறந்தன என்பது கவனிக்கத் தக்கது. மணவாளக்குறிச்சி 1956 நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. வால்வுக்குள் பாகங்களைத் தாங்கிநிற்கும் அபிரகமும் அப்படியே: அன்றைய பீஹாரின் கொடர்மாவும், சென்னை மாகாணத்தில் அன்று அடங்கியிருந்த நெல்லூர் ஜில்லாவும் அனுப்பிய அபிரகமே அக்காலத்தில் உலகத்தின் மின்சாரத் தொழில்களுக்குப் பிரதான ஆதாரமாயிருந்தது. கச்சாப் பொருளை மணங்குக் கணக்கில் அனுப்பி, அதன் அணு அணுவான பயனை ஒரு சிறு கண்ணாடிக் குமிழில் அடைத்து, பல மடங்கு விலைக்கு நாம் திரும்ப வாங்கினோம். பஞ்சையும் துணியையும் பற்றி அக்காலத்தில் மேடைதோறும் பேசினார்கள். இதைப் பற்றிப் பேசினவர் அரியர்.

இழையைத் திருத்தினால் மட்டும் போதாது; குமிழுக்குள்ளிருக்கும் வெற்றிடமும் சுத்தமாக வேண்டும். டி ஃபாரஸ்ட் தம் குழாயில் சிறிது வாயு இருப்பது அவசியம் என்றே நம்பியிருந்தார். லாங்மூரும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ஹரால்ட் ஆர்னால்டும், வாயு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் குழாய் நிலையாக வேலை செய்யும் என்று நிரூபித்தார்கள். மிச்சமுள்ள வாயு அணுக்கள் மின்னேற்றம் பெற்று இழையின் மேல் மோதி, அதன் மேலுள்ள அருமையான படலத்தைக் கெடுத்துவிடுகின்றன. பம்பு எவ்வளவு இழுத்தாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச வாயுவைப் பிடித்துத் தின்ன, கடைசியில் சிறிது மக்னீஷியமோ பேரியமோ உள்ளே ஆவியாக்கப்பட்டது. குமிழில் காணும் வெள்ளிப் பூச்சு அதுதான். விரிசல் வழியே காற்றுப் புகுந்த வால்வில் அந்தப் பூச்சு வெளுத்துப் பால்நிறமாகிவிடும். பழுது பார்ப்பவர் மீட்டரை எடுப்பதற்கு முன்பே அதைக் கண்டு கையை விரித்துவிடுவார்.

ஆக்ஸைடு பூசிய இழை கடைசியில் தோரிய இழையையும் வென்றது. அதற்கு வேண்டிய உஷ்ணம் 750, 800 டிகிரியே; சுத்த டங்ஸ்டன் ஒரு வாட்டுக்குச் சில மில்லி ஆம்பியர் எலெக்ட்ரான் ஓட்டம் தர, தோரிய இழை அதைப்போலப் பல மடங்கும், ஆக்ஸைடு பூச்சு நூறு மில்லி ஆம்பியருக்கு மேலும் தந்தன. மின்சாரம் உள்ள ஊர்களுக்கென்று, இழை உள்ளிருந்து சூடேற்ற, அதைச் சூழ்ந்த நிக்கல் குழலின் மேற்பூச்சு எலெக்ட்ரானை விடும் வால்வுகள் 1920-களின் இறுதியில் வந்தன. அவற்றில் பலவற்றுக்கு 6.3 வோல்ட் என்று ஏற்பட்டது, மோட்டார் வண்டியில் அக்காலத்தில் இருந்த மூன்று அறை பாட்டரியை உத்தேசித்தே. மின்சாரம் இல்லாத ஊர்களுக்கு வேறொரு குடும்பம் வளர்ந்தது: 2 வோல்டில் 0.1 ஆம்பியர் வாங்கியவை. பிறகு உலர்ந்த பாட்டரியிலேயே ஓடும் 1.4 வோல்ட் வால்வுகள், அவற்றிலும் 0.05 ஆம்பியர், முடிவில் 1950-களில் பிலிப்ஸ் வகையைச் சேர்ந்த டி.கே.96, டி.எஃப்.96 முதலியவற்றில் 0.025 ஆம்பியர். யுத்தகாலத்து வால்வின் 3 வாட்டோடு ஒப்பிட்டால் இது எண்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. நான்கு வால்வுகளின் இழைகளும் சேர்ந்து கால் வாட்டுக்கும் குறைவாகவே வாங்கின. நாற்பது வருஷ விஞ்ஞான உழைப்பின் பலனை இந்த ஓர் எண்ணில் காணலாம்.

பிளேட்டுக்குத் தனியே 90 வோல்ட் பாட்டரி ஒன்று வேண்டும்; அதன் விலையே வீட்டுக்காரரை அதிகம் வாட்டிற்று. அதையும் மிச்சம் பிடிக்க வழிகள் பிறந்தன. பிலிப்ஸ் கம்பெனியின் டெலிகனும் ஹோல்ஸ்டும் 1926-இல் அமைத்த பென்டோடு, பிளேட்டிலிருந்து தெறிக்கும் எலெக்ட்ரான்களைத் தடுக்கும் மூன்றாவது கிரிட்டோடு, அதே பாட்டரியிலிருந்து கூடுதல் ஒலியை எடுத்துத் தந்தது. இரண்டு வால்வுகளை மாறி மாறி வேலை வாங்கி, பேச்சு நிற்கும்போது மின்னோட்டமும் ஏறக்குறைய நின்றுபோகும்படி செய்த அமைப்பு மற்றொன்று. சங்கீதக் கச்சேரியில் பாகவதர் மூச்சு வாங்கும் இடைவெளியில் பாட்டரியும் இளைப்பாறிற்று.

சென்னை மாகாணத்துக் கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ வந்த காலத்தை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சாவடியிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பூட்டிய மரப்பெட்டி. கூரைக்கு மேலே இரண்டு மூங்கில்களுக்கிடையே இழுத்துக் கட்டிய ஏரியல். சுவரோரம் மண்ணில் புதைத்த எர்த் கம்பி, கோடையில் அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர். சாயங்காலம் குறித்த நேரத்துக்குச் சாவியோடு வந்து திறக்கும் ஒருவர். கூட்டம் கூடும், கிராமத்தார் நிகழ்ச்சியும் செய்தியும் முடிந்ததும் பெட்டி மூடப்படும். நேரத்தை இப்படிக் கறாராக வரையறுத்ததை அதிகார தோரணை என்று சிலர் நினைத்ததுண்டு. உண்மையில் அது பாட்டரியின் கணக்கு. பாட்டரி இறங்கிவிட்டால் அது ஏறி வரும்வரை ஊர் முழுவதற்கும் மௌனம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சகஜமாகப் புழங்கும் எல்லைக் கிராமங்களில் எந்த நிலையத்தை வைப்பது என்ற தகராறும் சேர்ந்துகொள்ளும். மைசூர் ஆகாசவாணி 1955 நவம்பரில் பெங்களூருக்கு மாறி வந்தபின், சென்னையைவிடப் பெங்களூரே ஓசூர்ப் பெட்டிகளில் தெளிவாகக் கேட்கும் நிலை உண்டாயிற்று.

ஒலிபரப்பும் முனையிலும் இதே சிக்கனப் போராட்டம் நடந்தது. அங்கே கவலை பிளேட்டைப் பற்றியது. வால்வுக்கு இடையறாது மின்னோட்டம் கொடுத்தால் பாதிக்கு மேல் வெப்பமாகவே போகும். அலையின் ஒவ்வொரு சுற்றிலும் சிறு பகுதியில் மட்டும் மின்னோட்டம் பாயும்படி கிரிட்டை அமைத்தால் முக்கால் பங்குவரை அலையாக வெளியேறும். அமெரிக்காவின் பெல் பரிசோதனைச் சாலையில் வில்லியம் டோஹர்ட்டி 1936-இல் கண்ட அமைப்பு, பண்பேற்றிய அலையைப் பெருக்கும் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்காயிருந்த பலனை அறுபது சதவீதமாக உயர்த்திற்று. கைப்பேசிக் கோபுரங்களில் இன்றும் அவர் முறையே புழங்குகிறது.

இவ்வளவு அபிவிருத்தியிலும் வால்வைச் செய்த கைகள் எல்லாம் வெளிநாட்டுக் கைகள். இந்திய அரசாங்கம் 1954-இல் பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்தாபனத்தைப் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் ஒத்துழைப்போடு நிறுவியது. வானொலிப் பெட்டிகளுக்கான வால்வுகள், பிலிப்ஸ் கம்பெனியின் நுணுக்க உதவியோடு, அங்கே 1961-இல் உற்பத்தியாகத் தொடங்கின. தென்னிந்தியாவின் ரேடியோக் கடைகளில் ஆங்கில எழுத்துகள் பொறித்த உள்நாட்டு வால்வு கிடைக்கலாயிற்று. அடுத்த வருஷமே, 1962-இல், அதே ஸ்தாபனம் ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்களைச் செய்யலாயிற்று. சுடவைக்க இழையே வேண்டாத, சில சிறு பாட்டரிகளில் மாதக்கணக்கில் ஓடுகிற டிரான்ஸிஸ்டர், வால்வின் நாற்பது வருஷச் சிக்கனத்தையெல்லாம் ஒரே அடியில் பழங்கதையாக்கிற்று. நம் வால்வுக்கு அதன் யமன் ஒரு வருஷ இடைவெளியில், ஒரே மதிலுக்குள் பிறந்தான் என்பது விசித்திரம். ஆனாலும் அந்த வால்வுத் தொழிற்சாலை வீண் என்று நான் ஒப்பமாட்டேன். வெற்றிடம், கண்ணாடியையும் உலோகத்தையும் இணைக்கும் வித்தை, தூசி படாத அறையில் நுண்பாகங்களைச் சேர்க்கும் கைப்பழக்கம் ஆகிய எல்லாம் பிறகு வந்த டிரான்ஸ்மிட்டர் வால்வுக்கும் பிற கருவிகளுக்கும் அஸ்திவாரமாயின. 1964-இல் அகில இந்திய வானொலிக்கே அங்கிருந்து டிரான்ஸ்மிட்டர் போயிற்று.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, 1980-இல் அசோக் லேலண்டும், அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தபோது வால்வின் காலம் முடிந்துவிட்டிருந்தது. ஆகவே இந்தச் சீமை வால்வு யுகத்தில் நுகர்வோனாக மட்டுமே பங்குகொண்டது. இதை ஒரு குறையாக எண்ணுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சாதனம் எவ்வளவு சிறிய சக்தியில் ஓட வேண்டும் என்ற கேள்வியை லாங்மூரின் பரிசோதனைச் சாலை எழுப்பியது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை போதுமா போதாதா என்று பரீட்சித்தது, மின்கம்பி எட்டாத தளி போன்ற இடங்கள்தாம். இன்று அதே பக்கத்தில் கைப்பேசி உறுப்புகளைச் செய்யும் ஆலைகள் எழுந்திருக்கின்றன. அங்கேயும் பாட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதே பேச்சு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பழைய பஞ்சாயத்து அலுவலகங்களில், ரேடியோ வாங்கிய ரசீது, லைசென்ஸ் புத்தகம், பாட்டரி சார்ஜ் செய்த பில், வால்வு மாற்றிய செலவுக் கணக்கு ஆகியவை கட்டுக்கட்டாகக் கிடந்தால், இடம் அடைக்கிறது என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ இருக்குமானால், ஆசை மேலிட்டு அதை நேரே மின்சாரத்தில் பொருத்தாமல், உள்ளேயிருக்கும் பழைய கண்டென்ஸர்களைத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு முதலில் பரிசோதியுங்கள். ஊரில் எந்த வருஷம் முதல் பெட்டி வந்தது, எந்த நிலையம் கேட்டது, பாட்டரி எங்கே போய் ஏறி வந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, ஜில்லா மைய நூலகத்தில் ஒரு பிரதி சேர்த்துவிடுங்கள்.